கால் டேங்க் என்று நின்ற முள்: பிக்கப்பில் டீசல் ஃப்ளோட் பழுதைப் பிடித்தது எப்படி

என் வண்டியின் டீசல் முள் ஆட ஆரம்பித்து இரண்டு மாதம் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஃபுல் அடித்தால் ஒழுங்காக இறங்கும். பாதிக்குக் கீழே வந்ததும் திடீரென்று காலிக்கு விழும், ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தால் மறுபடி எழுந்து நிற்கும். ராத்திரி லைட் போட்டால் ஒரு கோடு கீழே இறங்கும். கால் டேங்க் வந்ததும் ஆட்டமெல்லாம் அடங்கி அமைதியாக நிற்கும். அந்த அமைதியைத்தான் நான் நம்பினேன். ஆடும்போது பொய், நிற்கும்போது நிஜம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கணக்கு தலைகீழ். அதைத் தெரிந்துகொள்ள 7,500 ரூபாயும் மூன்று நாள் வாடகையும் போனது. வழியில் ஒருத்தராவது "மல்டிமீட்டர் (வோல்ட், ஓம் அளக்கும் கருவி) வைத்து அளந்து பார்" என்று சொல்லியிருந்தால் பாதிப் பணம் மிச்சம்.

அணைக்கட்டு பக்கத்திலிருந்து கத்திரிக்காய் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போகிற லோடு அது. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே காய். பேர் பெருசுதான், ஆனால் மண்டிக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் அதுவும் வாடிய காய்தான். ஊசூர் தாண்டியதும் வண்டி இரண்டு முறை இழுத்தது, மூச்சு வாங்கியது, நின்றுவிட்டது. முள் கால் டேங்கில் இருக்கிறது. அதனால் டீசல் என்ற நினைப்பே வரவில்லை. ஃபில்டர் அடைப்பு என்று நினைத்து செல்ஃபை விடாமல் அடித்தேன், பேட்டரியும் சோர்ந்துபோனது. மண்டியிலிருந்து போன்: "இன்னாபா, மணி அஞ்சரை ஆவுது, எங்கதான் கீற?" பதில் சொல்ல நாக்கு எழவில்லை. பக்கத்து ஊர் மெக்கானிக் வந்து டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டார். குச்சி காய்ந்தபடியே வெளியே வந்தது.

டீசல் வண்டி காலியாகி நின்றால் ஊற்றியதும் ஓடிவிடாது, லைனில் காற்று ஏறியிருக்கும். குறைந்தது 5 லிட்டராவது ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஊற்றினால் சாய்வான ரோட்டில் உறிஞ்சு குழாய் வாய்க்கு டீசல் எட்டாமல் போகலாம். பிறகு ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று தளர்த்தி, கைப் பம்பை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முழுக்கக் காய்ந்த லைனுக்கு எழுபது எண்பது அமுக்கு ஆகும், சலித்து விட்டுவிடாதீர்கள். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும், பம்பை அமுக்கிய நிலையிலேயே ஸ்க்ரூவை இறுக்குங்கள். செல்ஃபை 10 விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம், இடையில் அரை நிமிடம் விடுங்கள். காமன் ரெயில் இன்ஜினில் (ஹை பிரஷரில் டீசல் பீச்சும் புது ரக இன்ஜின்) இன்ஜெக்டர் பக்கத்து ஸ்டீல் பைப்பைப் பழைய வண்டி பழக்கத்தில் தளர்த்திவிடாதீர்கள். ஓடும்போது அதில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும், பீச்சும் டீசல் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். ஹை பிரஷர் பம்புக்கு டீசல்தான் உராய்வைத் தடுக்கும் எண்ணெயும். அதனால் காலி டேங்கில் செல்ஃபைத் தொடர்ந்து அடிப்பது பம்பைத் தேய்க்கிற வேலை. டேங்க் அடியில் கிடந்த கசடையும் இழுத்திருந்ததால் ஃபில்டரையும் மாற்ற வேண்டியிருந்தது. ரோட்டோர மெக்கானிக்குக்கு 800, ஃபில்டர் 650. லோடில் 3,200 ரூபாய் குறைத்துக் கொடுத்தார்கள்.

அடுத்த நாள் டவுனில் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் டேஷ்போர்டை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார், முள் ஆடியது. "மீட்டர் அவுட்ணா, மாத்திட்டா முடிஞ்சிது." தட்டினால் ஆடுகிறது என்பதால் எனக்கும் அது சரியாகப் பட்டது. செகண்ட் ஹேண்ட் மீட்டர் செட் 4,500, மாட்டக் கூலி 600. பழைய மீட்டரை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார். கிலோமீட்டர் கணக்கு அந்த மீட்டருக்குள் இருக்கிறது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. 1,38,000 ஓடிய வண்டி இப்போது 91,000 காட்டுகிறது. வண்டியை விற்கப் போனால் என்னைத்தான் திருடன் என்பார்கள். பத்து நாள் கழித்துத் திரும்பக் கேட்கப் போனபோது அது வேறு வண்டிக்குப் போய்விட்டது. மீட்டர் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய கிலோமீட்டரைப் போட்டோ எடுத்து வைத்து, பில்லிலும் எழுதி வாங்குங்கள், பழையதைக் கையோடு கொண்டுவாருங்கள். எனக்கு அது தோன்றவில்லை. அதைவிட எரிச்சல், புது மீட்டரிலும் முள் அதே இடத்தில் அதே ஆட்டம் ஆடியது.

அன்று இரவுதான் உட்கார்ந்து யோசித்தேன். இந்த வேலையில் மொத்தமே மூன்று பேர்தான்: டேங்குக்குள் ஃப்ளோட் யூனிட், நடுவில் வயர், முன்னால் மீட்டர். ஃப்ளோட் என்பது ஒரு கம்பியின் நுனியில் மிதக்கும் கட்டை. டீசல் ஏறி இறங்க, கம்பியின் மறுமுனையில் இருக்கும் ஒரு சின்னத் தகடு, மின்தடை தரும் ஒரு தடப் பட்டை மேல் உரசிக்கொண்டு நகரும். ரேடியோ வால்யூம் குமிழ் மாதிரிதான். நகர நகர ரெசிஸ்டன்ஸ் (ஓமில் அளக்கும் மின்தடை) மாறும், அதை வைத்து முள் நகரும். என் வண்டியில் காலி என்றால் 110 ஓம் அருகில், ஃபுல் என்றால் 3 ஓம் அருகில். சில வண்டிகளில் இது தலைகீழ், காலிக்கு 10, ஃபுல்லுக்கு 180. காலிக்கு 240, ஃபுல்லுக்கு 33 என்று இருப்பதும் உண்டு. உங்கள் வண்டி எந்த ரகம் என்று தெரியாமல் பார்ட்ஸ் கடை வாசலை மிதிக்காதீர்கள்.

மூன்று பேரில் யார் குற்றவாளி என்று பிரிக்க டேங்க் மேலே இருக்கும் கப்ளர், அதாவது யூனிட்டையும் வயரையும் சேர்க்கும் பிளக், போதும். சாவியை அணைத்துவிட்டுக் கப்ளரைக் கழற்றுங்கள். உள்ளே பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா பாருங்கள், பின் தளர்ந்திருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். சேறு அடிக்கிற இடம், பாதி வண்டியில் வியாதி இங்கேயே இருக்கும். இப்போது சாவியைப் போடுங்கள். என் ரக வண்டியில் கப்ளர் திறந்திருந்தால் முள் காலிக்குப் போக வேண்டும். அடுத்து, மீட்டரிலிருந்து வரும் சிக்னல் வயரை நல்ல எர்த்தோடு (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த சேஸிஸ் இரும்பு) இணைத்தால் முள் ஃபுல்லுக்கு ஏற வேண்டும். வெறும் வயரால் இணைக்காமல் நடுவில் ஒரு சின்ன ரெசிஸ்டரைப் போடுங்கள். தவறிப்போய் வேறு வயரைத் தொட்டால் ஃப்யூஸோ மீட்டர் செட்டோ போகாமல் இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 10 ஓம் ஒன்றும் 33 ஓம் ஒன்றும் 2 வாட்டில் வாங்கினேன், இரண்டும் சேர்ந்து ஒரு டீ காசுகூட இல்லை. 33 ஓம் வைத்தால் முள் பாதியில் நின்றது, 10 வைத்தால் முக்காலைத் தாண்டியது. ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடமாவது காத்திருங்கள். சாலையில் டீசல் குலுங்குவதற்கு முள் ஆடக் கூடாது என்று வேண்டுமென்றே அதை மெதுவாக நகரும்படி செய்திருக்கிறார்கள். அவசரப்பட்டால் நல்ல மீட்டரைக் கெட்டது என்று சொல்லிவிடுவீர்கள். முள் மூன்று இடத்திலும் சரியாக நின்றபோது எனக்குச் சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தன. மீட்டர் நல்லது, வயர் நல்லது. அப்படியென்றால் கழற்றிக் கொடுத்த பழைய மீட்டரும் நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

முள் அசையவே இல்லை என்றால் சிக்கல் முன்பக்கம்: மீட்டர் ஃப்யூஸ், சேஸிஸில் உரசி அறுந்த வயர், கடைசியாகத்தான் மீட்டர். புது மாடல்களில் சிக்னல் நேராக முள்ளுக்குப் போகாமல் கம்ப்யூட்டர் வழியாகப் போகும். அதில் ஸ்கேனர் போட்டால் பி0460லிருந்து பி0464 வரை ஏதாவது ஒரு எரர் கோடு (பழுதைக் குறிக்கும் எண்) இருக்கலாம். பி0462 என்றால் சிக்னல் அளவுக்குக் கீழே, பி0463 என்றால் அளவுக்கு மேலே, பி0464 விட்டு விட்டு வருவது. கோடு வந்தால் உடனே சென்சாரை மாற்றச் சொல்வார்கள். அந்தக் கோடு "இந்த சர்க்யூட்டில் கோளாறு" என்று மட்டும்தான் சொல்கிறது, கப்ளர் சோதனை அதற்கும் அவசியம்.

லைட் போட்டால் முள் இறங்கியது என்று சொன்னேனே, அது தனி வியாதி. ஃப்ளோட் யூனிட்டின் எர்த் வயரும் பின் லைட்டின் எர்த்தும் சேஸிஸில் ஒரே போல்ட்டில் சேர்ந்திருந்தன. போல்ட் துருப்பிடித்தால் லைட்டின் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கே கொஞ்சம் வோல்ட் தேங்கும், மீட்டர் அதைக் கூடுதல் ரெசிஸ்டன்ஸாகப் படித்து முள்ளை இறக்கிவிடும். இதை ஓம் வைத்துக் கண்டுபிடிப்பது சிரமம், வோல்ட் வைத்துப் பாருங்கள். கப்ளரை மாட்டிய நிலையில் மல்டிமீட்டரின் சிவப்பு முனையைக் கப்ளரின் பின்பக்கமாக எர்த் பின்னில் செருகி, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, லைட்டைப் போட்டு பிரேக்கையும் மிதிக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. எனக்கு 0.7 காட்டியது. 10 எம்எம் போல்ட்டைக் கழற்றி, பெயிண்டும் துருவும் போய் இரும்பு பளபளக்கும் வரை உப்புத்தாள் போட்டு, வயர் நுனியில் புது ஐலெட் (போல்ட்டில் மாட்டும் வளையம்) அடித்து இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். 0.04க்கு வந்தது. லைட் போட்டால் முள் இறங்குவது அன்றோடு நின்றது. பாதிக்குக் கீழே ஆடுவது மட்டும் அப்படியே இருந்தது. ஒரு கோளாறு கிடைத்ததும் வேலை முடிந்தது என்று மூடிவிடத் தோன்றும், எனக்கும் தோன்றியது.

இனி டேங்கைத் திறந்துதான் ஆக வேண்டும். டீசலை 10 லிட்டருக்குள் குறைத்துக்கொள்ளுங்கள், டேங்க் இறக்க லேசாக இருக்கும். திறந்த வெளியில், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பீடி சிகரெட் பக்கத்தில் வராமல் செய்யுங்கள். பெட்ரோல் வண்டி என்றால் நான் சொல்லும் இந்தப் பகுதியை வீட்டில் செய்ய வேண்டாம். அதில் பம்பும் ஃப்ளோட்டும் ஒரே கூட்டில் இருக்கும், லைனில் பிரஷரை இறக்க வேண்டும், ஆவி தரையோடு தவழ்ந்து எங்கேயோ இருக்கும் நெருப்பைத் தேடிப் போகும். டீசலில் பெரிய எதிரி மண்தான். டேங்க் மேலே ஒரு விரல் தடிமனுக்குப் புழுதி படிந்திருக்கும். பிரஷ் போட்டு, காற்று அடித்து, துணியால் துடைத்த பிறகுதான் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அத்தனையும் டேங்குக்குள். போகும் குழாய் எது, திரும்பும் குழாய் எது என்று டேப் ஒட்டி எழுதுங்கள். என் யூனிட்டில் ஐந்து ஸ்க்ரூ, துளைகளின் இடைவெளி சமமாக இருக்காது, ஒரே ஒரு விதத்தில்தான் உட்காரும். தூக்கும்போது நேராக இழுக்காமல், கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, சாய்த்து, சுழற்றி எடுங்கள்.

எடுத்ததும் கட்டையைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே சளக் சளக் என்றால் டீசல் ஏறி மிதக்காமல் போயிருக்கிறது. என்னுடையது நன்றாக இருந்தது. மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து, முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வயரின் சொந்த ஓமைக் குறித்துக்கொள்ளுங்கள், எனக்கு 0.5 வந்தது, அதை எல்லா அளவிலும் கழிக்க வேண்டும். யூனிட்டின் இரண்டு பின்களில் வைத்து, கம்பியைக் கீழிருந்து மேலே மிக மெதுவாகத் தூக்கினேன். கீழே 108. 100, 92, 85 என்று ஒழுங்காக இறங்கியது. 60 தாண்டியதும் எண் மறைந்து திரையில் 1 மட்டும் நின்றது, அதாவது தொடர்பே இல்லை. கொஞ்சம் நகர்த்தினால் 48, மறுபடி மறைந்தது, 40க்கு மேல் மீண்டும் ஒழுங்கு, கடைசியில் 4. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தத் தடப் பட்டையில் அரை விரற்கடை நீளத்துக்குக் கறுத்து, நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. எப்போதும் பாதி டேங்குக்கும் கால் டேங்குக்கும் நடுவில் வைத்தே ஓட்டுகிறவன் நான், தகடு அங்கேயேதான் நாள் முழுக்க உரசியிருக்கிறது. வேகமாகத் தூக்கினால் டிஜிட்டல் மீட்டர் இந்த ஓட்டையைக் காட்டாமல் தாண்டிவிடும். முள் வைத்த பழைய மல்டிமீட்டர் கிடைத்தால் இந்த ஒரு வேலைக்கு அதுதான் ராஜா.

ஆனால் தடம் தேய்ந்தது முள் ஆடுவதற்குத்தான் காரணம். காலி டேங்கில் முள் ஏன் கால் டேங்க் என்று நின்றது? கீழே 108 ஓம் சரியாகத்தானே வந்தது? இதற்கு விடை டேங்குக்குள் டார்ச் அடித்தபோது கிடைத்தது. டீசல் அலம்பாமல் இருக்க உள்ளே தடுப்புத் தகடு ஒன்று இருக்கும். அதன் விளிம்பில் புதிதாக ஒரு பளபளப்பான கீறல். ஃப்ளோட் கம்பியைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் லேசாகப் பக்கவாட்டில் வளைந்திருந்தது. மூன்று மாதம் முன்னால் டேங்க் கழுவக் கொடுத்தபோது யாரோ அவசரத்தில் யூனிட்டைத் திணித்திருக்க வேண்டும். கம்பி இறங்கும் வழியில் தகட்டில் முட்டி, கால் டேங்க் உயரத்தில் உட்கார்ந்துவிடுகிறது. டீசல் இறங்கிப்போகும், கட்டை இறங்காது, முள்ளும் இறங்காது. ரிசர்வ் லைட் ஏன் எரியவில்லை என்றும் புரிந்தது. சில வண்டிகளில் அந்த லைட்டுக்கென்று யூனிட்டின் அடியில் தனி சென்சார், தனி வயர் இருக்கும். என்னுடையது இரண்டே பின், லைட்டும் இதே கம்பியை நம்பித்தான் எரிகிறது. உங்கள் யூனிட்டில் எத்தனை பின் என்று ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ரிசர்வ் லைட்டை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

பார்ட்ஸ் கடையில் பழையதைக் காட்டியதும் அதே மாதிரி ஒன்றை 950க்குக் கொடுத்தார்கள். ஐந்து துளையும் பொருந்தியது, கம்பி நீளமும் அதேதான். வீட்டில் வந்து அளந்தால் கீழே 10, மேலே 180. மாட்டியிருந்தால் ஃபுல் டேங்கில் காலி காட்டியிருக்கும். திருப்பப் போனேன். "எலக்ட்ரிக்கல் அயிட்டம் ரிட்டர்ன் கிடையாதுணா, போர்டுலயே எழுதிகீதே." எழுதித்தான் இருந்தது. அடுத்த கடைக்கு 350 ரூபாய் மல்டிமீட்டரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே போனேன். பணம் கொடுக்கும் முன் கவுன்ட்டரிலேயே கீழ், நடு, மேல் மூன்று இடத்தில் அளந்தேன். பழையதையும் புதியதையும் ஒரு நியூஸ்பேப்பர் மேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, கம்பி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பேனாவால் கோடு போட்டு ஒப்பிட்டேன். கடைக்காரர் சிரித்தார், சிரிக்கட்டும். ஒரிஜினல் 2,400, ரப்பர் பேக்கிங் தனியாக 120. பேக்கிங்கைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள், பழையது டீசலில் ஊறி உப்பியிருக்கும். சாதாரண சிலிகான் பேஸ்ட் வேண்டவே வேண்டாம், அது டீசலில் பிய்ந்து ஃபில்டருக்குப் போகும்.

மாட்டும் முன் ஒரு வேலை. யூனிட் டேங்குக்கு வெளியே, தூரத்தில் இருக்கும்போதே கப்ளரை மாட்டி, பேட்டரியைச் சேர்த்து, சாவியைப் போட்டு, கம்பியைக் கையால் கீழே, நடுவில், மேலே என ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் பிடித்து முள்ளைப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் மறுபடி பேட்டரியைக் கழற்றிவிட்டு உள்ளே இறக்குங்கள். கட்டையை முதலில் விட்டு, சாய்த்து, கம்பியைச் சுழற்றி, எங்கும் முட்டாமல் உட்கார வேண்டும். எதிர்ப்பு தெரிந்தால் அமுக்காதீர்கள், வெளியே எடுத்து மறுபடி விடுங்கள். ஸ்க்ரூ போடும் முன் கப்ளர் பின்களில் மல்டிமீட்டரை வைத்தால், டேங்கில் கிடக்கும் கொஞ்சம் டீசலுக்கு ஏற்ற ஓம் காட்ட வேண்டும். 6 லிட்டர் இருந்தபோது எனக்கு 101 காட்டியது. டேங்கை லேசாகச் சாய்த்ததும் 96, திரும்ப வைத்ததும் 101. கம்பி தடையில்லாமல் ஆடுகிறது. ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பைப்பை மாட்டி, கைப் பம்பால் காற்றை எடுத்ததும் ஒரே செல்ஃபில் வண்டி எடுத்தது.

கடைசியாக, 55 லிட்டர் டேங்கில் அந்த 6 லிட்டரிலிருந்து தொடங்கி, பங்கில் 5 லிட்டர் 5 லிட்டராக அடிக்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று குறித்தேன். பங்குப் பையன் முகம் சுளித்தான், டீக்கு இருபது ரூபாய் கொடுத்ததும் சரியாகிவிட்டான். வண்டி சமதரையில் நிற்க வேண்டும், ஒவ்வொரு முறை அடித்த பிறகும் இரண்டு நிமிடம் விட வேண்டும். 11 லிட்டரில் முள் சிவப்புக் கோட்டின் மேல் விளிம்பு, 16இல் கால், 26இல் பாதிக்கு ஒரு முடி கீழே, 41இல் முக்கால். டேங்கின் அடிப்பகுதி குறுகல் என்பதால் கால் டேங்குக்குக் கீழே முள் வேகமாக விழுகிறது. அந்த எண்களை ஒரு அட்டையில் எழுதி சன் வைசருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் பழைய மீட்டரின் 1,38,000மும், புதியது மாட்டிய தேதியும்.